நாய் டிரெய்னரைத் தேடுறீங்களா? அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இந்த மூணு கேள்வியைக் கேட்டுடுங்க!

பப்பியாக வந்தபோது ஒரு கையில் அடங்கிய லேப்ரடார், எட்டாவது மாதத்தில் 25 கிலோ. காலிங் பெல் அடித்தால் வருபவர் மேல் பாய்கிறது. சேலையூர் கேம்ப் ரோட்டில் வாக்கிங் போனால், யார் யாரை இழுத்துட்டுப் போறாங்கன்னு தெருவே வேடிக்கை பார்க்குது. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லாமல் ஒரு புகார் வந்தாச்சு. 'ஒரு டிரெய்னரைப் போட்டுடலாம்' என்று வீட்டில் முடிவாகிறது.

போனை எடுத்துத் தேடினால் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் என்று வரிசையாக நம்பர்கள். முதல் ஆள், "30 நாள்ல உங்க நாயை அப்படியே மாத்திக் கொடுத்துடறேன் சார்" என்கிறார். அடுத்தவர், "நான் அடிக்க மாட்டேன், ட்ரீட் வெச்சுத்தான் பழக்குவேன். எத்தனை நாள் ஆகும்னு நாயைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறார். கேட்கும்போது முதல் ஆள்தான் அனுபவசாலி மாதிரி தெரிவார். ஆனால், நீங்கள் திரும்பக் கூப்பிட வேண்டியது இரண்டாவது ஆளைத்தான். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. சில விஷயங்களைக் கேட்டு, ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு.

யார் வேணும்னாலும் டிரெய்னர் ஆகலாம்!

ஸ்கூட்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். நாய்க்கு வைத்தியம் பார்க்க, கால்நடை மருத்துவம் படித்து கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால், உங்கள் வீட்டு நாயைப் பழக்க வருபவருக்கு எந்தப் படிப்பும், தேர்வும் இந்தியாவில் கட்டாயமில்லை. நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-ல் விதிகள் வந்தன. டிரெய்னரின் தகுதிக்கு அப்படி ஒன்று கிடையாது. இங்கே மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூட இதே நிலைமைதான். விசிட்டிங் கார்டு அடித்த அன்றே ஒருவர் டிரெய்னர்.

அதனால்தான் வடிகட்டும் வேலை மொத்தமும் நம் தலையில் விழுகிறது.

ட்ரீட் கொடுத்தா அது லஞ்சம் இல்லையா?

எல்லா வீட்டிலும் ஒரு தாத்தாவாவது இதைக் கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஒரு செயலுக்குப் பின்னால் நல்லது நடந்தால் அந்தச் செயல் திரும்ப வரும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-லேயே பூனைகளைக் கூண்டுக்குள் விட்டுப் பார்த்து எழுதினார். பி.எஃப்.ஸ்கின்னர் அதை 1930-களில் முழு ஆய்வுத் துறையாகவே வளர்த்தார். அவரிடம் படித்த கெல்லர் பிரீலண்டும் மரியன் பிரீலண்டும் 1940-களில் அதை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுவந்து நாய், கோழி, பன்றி என்று சகலத்தையும் பழக்கிக் காட்டினார்கள். டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர், 1984-ல் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' புத்தகம் மூலம் இந்த முறை சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. 'டிக்' என்று சத்தம் போடும் அந்தக் குட்டி கிளிக்கர் இந்த வழியில் வந்ததுதான்.

லஞ்சத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? பிஸ்கட்டை மூக்குக்கு முன்னால் ஆட்டி, "வா... வா..." என்று கெஞ்சினால் அது லஞ்சம். நாய் உட்கார்ந்த அந்த நொடியில் "குட்" என்று சொல்லி, பின்னால் இருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தால் அது கூலி. கூலி கிடைக்கும் வேலையை நாய் திரும்பத் திரும்பச் செய்யும். பழகின பிறகு ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டியதில்லை. சில சமயம் ட்ரீட், சில சமயம் பந்து, சில சமயம் காதுக்குப் பின்னால் ஒரு சொறி. போலீஸ் மோப்ப நாய்கள் வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும் துள்ளிக் குதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுங்களுக்கு அது ஒரு விளையாட்டு. கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான்.

அதேபோல, இந்த முறையில் 'நோ' என்பதே கிடையாது என்று நினைப்பதும் தப்பு. ஆள் மேல் பாய்ந்தால் அந்த ஆள் திரும்பி நின்றுகொள்வார், கவனம் கிடைக்காது. இழுத்தால் வாக்கிங் அங்கேயே நிற்கும். கயிறு தளர்ந்தால்தான் அடுத்த அடி. வலியும் பயமும் மட்டும்தான் கிடையாது.

அந்த 'ஆல்ஃபா' கதை

"நாய் உங்களை லீடரா மதிக்கல. நீங்கதான் ஆல்ஃபான்னு காட்டணும்." இந்த வசனத்தைச் சொல்லாத பழைய ஸ்டைல் டிரெய்னர் இல்லை. நாயை மல்லாக்கப் போட்டு அமுக்குவது, அது சாப்பிடும்போது தட்டில் கையை விடுவது, நாம் சாப்பிட்ட பிறகுதான் அதுக்குச் சாப்பாடு என்பது எல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

இந்த ஐடியாவின் வேர், ருடால்ஃப் ஷென்கல் 1947-ல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை. ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் அடிதடி நடக்காமல் என்ன செய்யும்? எல். டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் 1970-ல் எழுதிய புத்தகம் 'ஆல்ஃபா' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு அவரே காட்டில் வருடக்கணக்கில் ஓநாய்களைக் கவனித்துவிட்டு, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்தான், சண்டை போட்டு யாரும் தலைவர் ஆகவில்லை என்று 1999-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அந்தப் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022-ல் அது நின்றது. எழுதியவரே கைவிட்ட கருத்தை வைத்துத்தான் இன்னைக்கும் நம்ம ஊரில் நாய்களை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அடித்தால் வேலை நடக்குதே என்பவர்களுக்கு: நடக்கும். நாய் அடங்கும். ஆனால், அதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பிரச்னை. போர்ச்சுகலில் 7 பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்து, 2020-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கயிற்றைச் சுண்டுவது, கத்துவது போன்ற தண்டனைகளில் பழகிய நாய்கள் பயிற்சியின்போது அதிகம் கொட்டாவி விட்டன, உதட்டை நக்கின, உடலைக் குறுக்கின. பயிற்சிக்குப் பிறகு அவற்றின் எச்சிலில் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் கூடியிருந்தது. கிண்ணத்தை வைத்து ஒரு டெஸ்டும் செய்தார்கள். ஒரு பக்கம் வைத்தால் அதில் தீனி இருக்கும், மறுபக்கம் வைத்தால் காலி. இரண்டுக்கும் நடுவில் வைத்தால்? அதிகம் தண்டனை வாங்கிய நாய்கள் தயங்கித் தயங்கிப் போயின. எதிலும் நல்லது இருக்காது என்ற மனநிலை, பயிற்சி நேரம் முடிந்த பிறகும் கூடவே இருந்தது.

இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைப் பிரச்னையோடு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் எடுத்த சர்வே, 2009-ல் வெளிவந்தது. நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 சதவிகிதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது அல்லது கடிக்க வந்திருக்கிறது. மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் அது 31 சதவிகிதம். அதாவது, அடிப்பது நாயோட கோபத்துக்கு மருந்து என்று நினைத்துச் செய்கிறோம், பாதி நேரம் அதுதான் கோபத்தைக் கிளப்பிவிடுகிறது.

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய செய்தி ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு செய்தி வந்தால் பெரிய நாய் வைத்திருக்கும் வீடுகளில் பயம் பிடித்துக்கொள்ளும். 'கண்டிப்பான ஆளா பாரு' என்பார்கள். அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவுதான் ஆபத்து. உறுமுவது நாயின் எச்சரிக்கை மணி. உறுமியதற்காக அடி வாங்கிய நாய், உறுமுவதை நிறுத்திவிடும். பயம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை அது சத்தமில்லாமல் நேராகக் கடிக்கும். 'எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு' என்று சொல்லப்படும் பல கடிகளுக்குப் பின்னால் இப்படி அணைக்கப்பட்ட ஒரு மணி இருக்கலாம். கோபக்கார நாய்களுக்கும் பரிசு முறைதான் சரி என்று அமெரிக்க கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் 2021-ல் தெளிவாகவே அறிக்கை விட்டது.

எங்கே தேடுவது?

முதலில் உங்கள் கால்நடை மருத்துவர். ஆனால், "நல்ல டிரெய்னர் யாராவது இருக்காங்களா டாக்டர்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் நம்பர் வரும். "அடிக்காம, சோக் செயின் போடாம பழக்குறவங்க யாராவது தெரியுமா?" என்று கேளுங்கள், வேறு பெயர் வரும். டிரெய்னரிடம் போய்வந்த நாய் ஊசி போடும் மேஜையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தினமும் பார்ப்பவர் அவர். வேளச்சேரியில் புளூ கிராஸ், பெசன்ட் நகரில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் போன்ற இடங்களில் நாயைத் தத்தெடுத்தவர்களும் நல்ல வழிகாட்டிகள். பயந்துபோன நாய்களை வீட்டுக்குப் பழக்கியவர்களுக்கு யார் பொறுமையானவர் என்று தெரிந்திருக்கும்.

இன்ஸ்டா ரீல்களைப் பார்க்கத் தப்பில்லை. சவுண்டை மியூட் செய்துவிட்டு, டிரெய்னரை விட்டுவிட்டு நாயை மட்டும் பாருங்கள். வால் எங்கே இருக்கிறது? அவர் கையை உயர்த்தினால் நாய் நிமிர்ந்து பார்க்கிறதா, பதுங்குகிறதா? நாய் கழுத்தில் என்ன மாட்டியிருக்கிறது? பாட்டு போட்டு, ஸ்லோமோஷன் வைத்து எடுத்த வீடியோவில் பத்து நாய் அசையாமல் உட்கார்ந்திருப்பது ஒழுக்கமாகவும் இருக்கலாம், பயத்தில் உறைந்துபோனதாகவும் இருக்கலாம்.

சர்டிஃபிகேட்? சி.பி.டி.டி - கே.ஏ. என்பது அமெரிக்காவில் தேர்வு எழுதிப் பெறுவது. கே.பி.ஏ. - சி.டி.பி. என்பது கேரன் பிரையர் அகாடமியின் படிப்பை முடித்தவர்கள் போடுவது. இப்படி ஏதாவது இருந்தால் நல்லதே. இல்லாதவர்கள் எல்லாம் மோசம் என்றும் இல்லை. சர்டிஃபிகேட் மாட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டுபவர்களும் இருக்கலாம். எங்கே, யாரிடம் கற்றுக்கொண்டார், கடைசியாக எப்போது புதிதாக ஏதாவது படித்தார் என்று கேட்பது பேப்பரைவிட அதிகம் சொல்லும். 'எக்ஸ் ஆர்மி', 'எக்ஸ் போலீஸ்' என்ற அடைமொழிக்கும் இதேதான். மோப்ப நாய் வேலை அருமையான வேலை, அது வேறு. ஆனால், உங்கள் நாயிடம் நீங்கள் எதிர்பார்ப்பது கொரியர் பையன் வந்தால் பாயாமல் இருப்பது.

போனில் கேட்க வேண்டிய மூணு கேள்வி

ஜீன் டொனால்ட்சன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரப்பிய கேள்விகள் இவை. நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்தும். என் நாய் சரியாகச் செய்தால் அதுக்கு என்ன நடக்கும்? தப்பாகச் செய்தால் அதுக்கு என்ன நடக்கும்? நீங்கள் சொல்வதைவிட மென்மையான வேறு வழி இருக்கிறதா?

முதல் கேள்விக்கு எல்லோரும் அழகாகப் பதில் சொல்வார்கள். 'ட்ரீட் தருவோம், தட்டிக் கொடுப்போம்'. சாயம் வெளுப்பது இரண்டாவதில்தான். "லைட்டா ஒரு கரெக்‌ஷன் தருவோம்" என்றால், அந்த கரெக்‌ஷன் என்ன, கையால் எப்படிச் செய்வீங்க என்று விடாமல் கேளுங்கள். கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவதா? மூக்கில் தட்டுவதா? தண்ணீர் அடிப்பதா? "அதெல்லாம் சும்மா சார், அதுக்கு வலிக்காது" என்பது பதில் அல்ல. வலிக்காவிட்டால் அது ஏன் வேலை செய்ய வேண்டும்? நல்ல டிரெய்னரின் பதில் வேறு மாதிரி இருக்கும்: "தப்பா செஞ்சா, நான் சரியா சொல்லித் தரலைன்னு அர்த்தம். கொஞ்சம் ஈஸியாக்கி மறுபடி செய்ய வைப்பேன்."

'பேலன்ஸ்டு டிரெய்னிங்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்க சமச்சீர் சாப்பாடு மாதிரி நல்லாத்தான் இருக்கும். ட்ரீட்டும் உண்டு, சோக் செயினும் உண்டு என்பதுதான் அதன் பொருள். சோக் செயின் இழுத்தால் கழுத்தை இறுக்கும். பிராங் காலர் உள்பக்கம் முள் வைத்தது. இ-காலர், ரிமோட் காலர், ஸ்டிம் காலர் எல்லாமே ஷாக் காலரின் புனைபெயர்கள். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பழக்கி, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஷாக் காலர் போட்ட குழு எதிலும் முந்தவில்லை. பரிசு கொடுத்துப் பழக்கிய குழு சிலவற்றில் முந்தியிருந்தது. ஆக, 'சீக்கிரம் வேலை முடியும்' என்ற வாதமும் நிற்கவில்லை.

'100 சதவிகிதம் கேரன்டி' என்றால் அங்கேயே தேங்க்ஸ் சொல்லி வைத்துவிடலாம். உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு யாராலும் கேரன்டி தர முடியாது.

முதல் செஷனில் நாயைப் பாருங்க, டிரெய்னரை இல்லை

போனில் தேறியவர்களை, முடிந்தால், வேறொருவர் நாயோடு வேலை செய்யும்போது ஒரு தடவை போய்ப் பாருங்கள். மறைக்க எதுவும் இல்லாதவர் சம்மதிப்பார். அந்த நாயின் சொந்தக்காரர் ஓகே சொல்ல வேண்டும் என்பார், அது நியாயம். "ஓனர் பக்கத்துல இருந்தா நாய் கான்சென்ட்ரேட் பண்ணாது, நீங்க உள்ள போங்க" என்பவரிடம் கயிற்றைக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு முதல் நாள் வரும் நல்ல டிரெய்னர் செய்யும் முதல் வேலை, பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். நாயை நோக்கிப் போக மாட்டார். பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக வந்து மோந்து பார்க்க விடுவார். அந்த நேரத்தில் உங்களைக் கேள்வியால் துளைத்துவிடுவார். என்ன சாப்பிடுது, எத்தனை மணி நேரம் தூங்குது, வீட்டில் தனியா எவ்வளவு நேரம் இருக்குது, கடைசியா டாக்டரிடம் எப்போ காட்டினீங்க. இதெல்லாம் கேட்காமல் நேராக 'சிட், ஸ்டே' என்று ஆரம்பிப்பவர் எல்லா நாய்க்கும் ஒரே பேக்கேஜ் வைத்திருப்பவர்.

பயிற்சி ஆரம்பித்த பிறகு நாயின் உடம்பைப் படியுங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்குவது, காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, வாலைக் கால்களுக்கு நடுவில் சொருகுவது எல்லாம் 'எனக்கு இது பிடிக்கல' என்று அது சொல்லும் விதங்கள். வாலாட்டினாலே சந்தோஷம் என்று நினைக்க வேண்டாம். உடம்பே சேர்ந்து குலுங்கினால்தான் குஷி. விறைத்து நின்று வால் நுனி மட்டும் ஆடினால் தள்ளி நிற்பது நல்லது. எப்போதும் பிடித்துச் சாப்பிடும் சிக்கனைக்கூட அது வேண்டாம் என்று சொன்னால், பயம் பசியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நல்ல டிரெய்னர் அதை உங்களுக்கு முன்பே கவனித்து, இடைவெளியைக் கூட்டுவார் அல்லது அன்றைக்குப் போதும் என்பார்.

மூன்றாவது, நான்காவது செஷனில் இன்னொரு எளிய சோதனை: டிரெய்னரின் பைக் சத்தம் கேட்டதும் நாய் என்ன செய்கிறது? கதவுக்கு ஓடினால் சரி. கட்டிலுக்கு அடியில் போனால், மிச்ச செஷன்களை ரத்து செய்ய வேறு காரணம் தேவையில்லை.

ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் கயிறு உங்கள் கையில் இருந்ததா என்பதும் முக்கியம். டிரெய்னர் சொன்னால் உட்கார்ந்து, அவர் போனதும் உங்கள் தலையில் ஏறும் நாயால் யாருக்கு என்ன பயன்? அவர் சொல்லித் தருவது உண்மையில் உங்களுக்குத்தான். அம்மா, பாட்டி, தம்பி எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லப் பழக வேண்டும். அப்பா 'டவுன்' என்றும், அம்மா 'இறங்குடா' என்றும், பாட்டி 'ச்சீ போ' என்றும் சொன்னால் அது எதைக் கேட்கும்? தமிழிலேயே பழக்கலாம், நாய்க்கு 'சிட்' என்பதும் 'உட்காரு' என்பதும் ஒன்றுதான்.

இதனாலேயே, 'ஒரு மாசம் எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க, ரெடி பண்ணிக் கொடுக்கிறோம்' என்ற போர்டிங் டிரெய்னிங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஊருக்கு வெளியே, நாலு சுவருக்குள் என்ன நடந்தது என்று நாய் வந்து சொல்லாது. அங்கே பழகியதை அது உங்கள் வீட்டு ஹாலில் அப்படியே செய்யும் என்பதும் இல்லை.

தாம்பரம் பக்கத்து நாய்க்கு என்னென்ன தெரியணும்?

யூடியூபில் வரும் வெளிநாட்டு வீடியோவில் புல்வெளியும் நடைபாதையும் இருக்கும். நமக்கு வாய்த்தது ராஜகீழ்ப்பாக்கம் தெருமுனை. அங்கே நான்கு தெருநாய்கள் இருக்கும். 'சிட்', 'ஷேக் ஹேண்ட்' எல்லாம் அப்புறம், தெருநாய்களைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்த்துத் திரும்பி வர என் நாய்க்குப் பழக்கித் தருவீங்களா என்று டிரெய்னரிடம் கேளுங்கள். தூரத்தில் தெருநாய் தெரியும்போதே ஒரு ட்ரீட், இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் ஒரு ட்ரீட் என்று படிப்படியாகத்தான் இது வரும். இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவது பயிற்சி அல்ல.

அடுத்து லிஃப்ட். நாய் வளர்ப்பவர்களை லிஃப்டில் ஏறக் கூடாது என்று அசோசியேஷன் சொல்ல முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உரிமை இருக்கிறது, சரி. ஆனால் கதவு திறந்ததும் மூலையில் போய் உட்காரும் நாயாக இருந்தால் சண்டையே வராதே!

விமானப்படைத் தளத்தின் சத்தம், ரயில், தீபாவளி வெடி. வெடிக்குப் பயப்படும் நாய்க்கு அக்டோபரில் டிரெய்னரைத் தேடினால் லேட். மொபைலில் வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, கூடவே பிடித்த தீனி கொடுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஆடி மாதத்திலேயே ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

மழையை மறக்க முடியுமா? 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடு மூழ்கி, மக்கள் படகில் வெளியேறினார்கள். அப்படி ஒரு ராத்திரியில், பழக்கமே இல்லாத கூண்டுக்குள் ஒரு 30 கிலோ நாயைத் திணிக்க முடியாது. கூண்டுக்குள் தானாகப் போய்ப் படுப்பது, அந்நியர் தூக்கினால் துடிக்காமல் இருப்பது, வாய்மூடியைத் தானே மூக்கை விட்டு மாட்டிக்கொள்வது மூன்றையும் வெயில் காலத்திலேயே விளையாட்டாகப் பழக்கிவிடலாம். வாய்மூடி என்றால் வாயை இறுக்கிக் கட்டும் துணிப் பட்டை இல்லை. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை மாடல். நம்ம வெயிலில் மூச்சு வாங்க முடியாத நாய் ஆபத்தில் இருக்கிறது. வெயில் என்றதும் இன்னொன்று: ஏப்ரல், மே மாதத்தில் காலை 10 மணிக்கு வகுப்பு என்று சொல்லும் டிரெய்னரிடம் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள்.

ட்ரீட்டுக்குச் செலவாகுமா?

பெட் ஷாப் பாக்கெட்தான் வேண்டும் என்று இல்லை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த சிக்கனையோ ஈரலையோ சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கினால் போதும். முட்டையும் ஓகே. சைவ வீடா? பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட். எந்த நாய்க்கு எது பிடிக்கும் என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, கஷ்டமான பாடத்துக்கு ஒசத்தியானதைக் கொடுக்க வேண்டும். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாய் படிப்பதற்குள் பெருத்துவிடும். திராட்சை, வெங்காயம், சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சுகர்ஃப்ரீ பொருள்கள் விஷம், பக்கத்திலேயே வேண்டாம்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்ம ஊர் வேட்டை நாய்களுக்குச் சில சமயம் தீனியைவிட ஓடுவதுதான் பெரிய பரிசு. 'நாட்டு நாய்க்கெல்லாம் இந்த ட்ரீட் முறை சரிவராது' என்று சொல்பவர் பரிசைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கடிக்கிற நாய் என்றால்...

முதலில் டாக்டர், பிறகுதான் டிரெய்னர். காது சீழ், இடுப்பு மூட்டு வலி, தைராய்டு என்று கடிக்குப் பின்னால் நோய் இருக்கலாம். அமைதியாக இருந்த நாய் திடீரென்று மாறினால் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் எழும்பூர் போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கும் தூரம். நல்ல டிரெய்னரே, "முதல்ல செக்கப் பண்ணிட்டு வாங்க" என்று உங்களைத் திருப்பி அனுப்புவார். அனுப்பினால் நம்புங்கள்.

குட்டியாக இருந்தால் இவ்வளவு சிக்கலே இல்லை. முதல் மூன்று மாதத்தில் பார்த்த மனிதர், சத்தம், வண்டி எல்லாம்தான் நாயின் உலகம். எல்லா ஊசியும் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். முதல் ஊசி போட்டு 7 நாள் ஆன பிறகு, 7, 8 வாரக் குட்டிகளைச் சுத்தமான உள்ளரங்க வகுப்புகளில் சேர்க்கலாம் என்கிறது மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம். நம்ம ஊரில் பார்வோ பயம் இருப்பதால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தரையில் விடாமல் கையிலோ பையிலோ தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசல் வரை போய் வேடிக்கை காட்டிவிட்டு வரலாம். அதுவும் பயிற்சிதான்.

பணம் கொடுக்கும் முன்...

மொத்த பேக்கேஜையும் முதல் நாளே கட்ட வேண்டாம். ஒரு செஷனுக்கு ஒரு செஷன் அல்லது நான்கு செஷன் என்று பேசுங்கள். நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும், செஷன்களுக்கு நடுவில் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கலாமா, டிரெய்னர் தானே வருவாரா இல்லை அசிஸ்டென்ட்டை அனுப்புவாரா என்பதை மெசேஜில் எழுதி வாங்கிவிடுங்கள். என்னென்ன கருவிகள் பயன்படுத்த மாட்டார் என்பதையும் அதே மெசேஜில் ஒரு வரி கேட்டு வாங்கலாம். நல்லவர் சந்தோஷமாக எழுதித் தருவார்.

அதையும் மீறி நாயை அடித்தாலோ உதைத்தாலோ, அது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-வது பிரிவில் குற்றம். அந்தச் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் விதை போட்டவர் நம்ம சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். ஆனால், முதல்முறை குற்றத்துக்கு அபராதம் இன்றைக்கும் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். நாயை ஊனமாக்கும் அளவுக்குப் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு வரும். அதில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. போலீஸில் புகார் கொடுக்க வீடியோ, தேதி போட்ட போட்டோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி வாங்கிய சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். சம்பவம் நடக்கும் அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "போதும் சார்" என்று சொல்லிவிட்டு, கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு நாயை உள்ளே கூட்டிப் போய்விடுங்கள்.